சாமத்தியவீட்டுக் கசெற்றையும் கழித்துவிடாதீர்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தாருக்கும் நூலக நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். போன கிழமை அலுமாரிக்கு மேல் கிடந்த பெட்டியை இறக்கினேன். பதினொரு வி.எச்.எஸ். கசெற். ஒன்றின் முன்மூடியை நிமிர்த்தினால் நாடாவின் ஓரமெல்லாம் மாத் தூவியதுபோலப் பூஞ்சணம். இன்னொன்றின் உறையில் அக்காவின் எழுத்தில் "நிதர்சனம் 87". பதிந்தது அழியாமலிருக்க ஒரு சின்னக் காதை உடைத்துவிடுவோமே, அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்டியிருந்தது. நண்பரின் வீடியோ டெக்கில் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா.

1987இல் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு ரீவி இருந்தது என்றால் என் மகள் சிரிக்கிறாள். இலங்கை அரசின் ரூபவாகினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம். தூரதர்சன் காற்றைப் பொறுத்து வரும், போகும். எங்கள் தெருவையும் எங்கள் பேச்சையும் காட்டியது நிதர்சனம்தான். விடுதலைப் புலிகள் நடத்தியது. தங்களுக்கு ஏற்றதைக் காட்டினார்கள், ஏலாததை விட்டார்கள். அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் அந்தக் கமராவுக்கு முன்னால் நின்ற சனம் நாங்கள்.

அயல்வீட்டு விறாந்தையில் இருந்து பார்ப்போம். ஒருவர் கூரையில் ஏறி அன்ரெனாவைத் திருப்புவார்.

"வருதோ?"

"இல்லை, புள்ளிதான்."

"இப்ப?"

"அப்பிடியே விடுங்கோ அண்ணை!"

1987 செப்ரெம்பர் 15ஆம் திகதி நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் தொடங்கி 26ஆம் திகதி இறக்கும்வரை, கோயிலடிக்குப் போக ஏலாத வயதானவர்கள் அந்த விறாந்தையில் இருந்துதான் அழுதார்கள்.

ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளான ஈழமுரசு, முரசொலி ஆகியவற்றின் அச்சகங்கள் தகர்க்கப்பட்ட நாட்களோடு இந்த ஒளிபரப்பும் போயிற்று. பிறகு அதே பெயரில் வீடியோக்கள் வந்தன. மின்சாரம் இல்லாத 90களில் ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், அது வேறு கதை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, ஊரோடு வலிகாமத்தை விட்டு நடந்தபோது கசெற்றை யார் தூக்கினார்கள்? பிள்ளையைத் தூக்கினோம். வைத்திருக்கப் பயந்து எரித்தவர்களும் உண்டு.

பேப்பர் என்றால் எங்கோ ஒரு கட்டாவது தப்பும். நூலக நிறுவனத்தார் 2005 முதல் அப்படித் தேடித்தேடித்தானே ஸ்கான் பண்ணி இணையத்தில் வைத்திருக்கிறீர்கள். காற்றில் போன ஒளிபரப்போ, யாராவது வீட்டில் பதிந்திருந்தால்தான் உண்டு. டெக்கும் அருகிவிட்டது. பூஞ்சணத்தைத் துடைக்காமல் போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், நாடாவும் அறும்.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஓடுகிற ஒரு டெக், நாடா துடைக்கத் தெரிந்த ஒருவர், ஒரு கணினி. கொண்டுவருபவரிடம் "இது எப்படி உங்களிடம்?" என்று தொடங்காதீர்கள், அடுத்தவர் வரமாட்டார். கமரா தூக்கியவர்கள், செய்தி வாசித்தவர்கள் எல்லாம் இப்போது வயதாளிகள். பேசவிட்டுப் பதியுங்கள். பெயர் வேண்டாம் என்றால் விடுங்கள்.

அப்புறம், அந்தச் சாமத்தியவீடு. ஆலாத்தி முடிந்து படம் அறுந்த இடத்தில், அடியில் கிடந்த பழைய பதிவு தலைகாட்டுகிறது. ஒரே புள்ளி. நடுவில் நல்லூர் வீதி மணல், குடை பிடித்தபடி சனம். இரண்டு நிமிடம் இருக்கும், பிறகு நீலத்திரை.

மிச்சம் பத்தையும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. எங்கே கொண்டுவர வேண்டும், சொல்லுங்கள்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து ஒரு பழைய பார்வையாளன்