கட்டிலருகே கேட்ட கேள்வி

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்ததால் எழுத உட்கார முடியவில்லை. இப்போது பைபிளின் சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. பேத்தி திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். சாயங்காலமானால் ஞானோபதேசத்தை என்னிடம் ஒப்பிக்கிறாள். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடவுள் பாவியை விசுவாசத்தினால் நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார் என்கிற ஒரு போதனையில்தான் சபை நிற்பதும் விழுவதும் என்று சொல்லுகிற லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லுத்தர் வழி வந்த நம் சபையார், அதே போதனையில் தங்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை போட்டார்கள் என்று கேட்டிருந்தாய். நாலு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

நம் தமிழ் வார்த்தையையே எடுத்துக்கொள். நீதிமானாக்கப்படுதல். அரிசியைச் சோறாக்குகிறோம் என்றால் அரிசியே மாறிவிடுகிறது. ஒருவரைச் சபைத் தலைவராக்கினார்கள் என்றால் ஆள் அப்படியேதான் இருக்கிறார், அவருடைய நிலைதான் மாறுகிறது. 'ஆக்குதல்' இரண்டுக்கும் பொருந்தும். கடவுள் பாவியை நீதிமானாக்குகிறார் என்றால் இதில் எது? ரோமர் நாலாம் அதிகாரம் ஆபிரகாமின் விசுவாசம் 'நீதியாக எண்ணப்பட்டது' என்கிறது. அங்கே கணக்குப் பேச்சுதான், சமையல் பேச்சு இல்லை. ஆனாலும், வெறுமனே எண்ணினால் போதுமா, உள்ளே ஒன்றும் நடக்க வேண்டாமா என்று மனசு கேட்கத்தான் செய்கிறது.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஆந்திரேயாஸ் ஓசியாண்டர். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் லுத்தரின் சபைச் சீர்திருத்தத்தை வேரூன்ற வைத்தவர்களில் ஒருவர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுத்தான் பிரஷ்யாவின் ஆல்பிரெக்ட் பிரபு சீர்திருத்தத்தின் பக்கம் வந்தார். பேரரசர் சபைகள்மேல் சுமத்திய இடைக்கால ஏற்பாட்டுக்கு இணங்க மனமில்லாமல் 1548இல் ஓசியாண்டர் நியூரம்பர்க்கை விட்டுப் போனார். பிரபு அவரைத் தன் ஊரான கோனிக்ஸ்பர்க்கில் சேர்த்துக்கொண்டு, பட்டம் எதுவும் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் கொடுத்தார். அங்கே 1550இல் நடந்த விவாதத்தில் அவர் சொன்னது இதுதான்: பாவமன்னிப்பினால் மட்டும் நாம் நீதிமான்களாக எண்ணப்படுகிறோம் என்று போதிப்பது பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த போதனை. கிறிஸ்துவின் தெய்வத் தன்மையே விசுவாசத்தினால் நமக்குள் வந்து தங்குகிறது, அதுதான் நம் நீதி.

நண்பா, அதில் ஒரு பசி இருக்கிறது. அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. லுத்தரும் விசுவாசத்திலேயே கிறிஸ்து இருக்கிறார் என்றுதானே கலாத்தியர் விளக்கத்தில் எழுதினார்?

ஆனால் லுத்தரின் உடன் ஊழியர் மெலாங்தோன் ஓசியாண்டரை எதிர்த்தார். மெலாங்தோனோடு வேறு எல்லாவற்றிலும் மோதிக்கொண்டிருந்த லுத்தரன் இறையியலாளர் ஃபிளாசியஸும் இதில் அவர் பக்கம் நின்றார். கோனிக்ஸ்பர்க் பேராலயத்துப் போதகர் மோர்லின் முதலில் சமாதானம் செய்யப் பார்த்தார், அப்புறம் எதிர்த்தார். வூர்ட்டம்பர்க்கின் சீர்திருத்தவாதி பிரென்ஸ் மட்டும், இது பெரும்பாலும் வார்த்தைச் சண்டை என்று சொல்லிப் பார்த்தார். ஓசியாண்டர் 1552இல் இறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. மறு வருஷம் மோர்லினை ஊரைவிட்டே அனுப்பினார்கள். ஓசியாண்டரின் மருமகன் ஃபுங்க்கின் தலை 1566இல் வெட்டப்பட்டது. அதில் அரசியலும் கலந்திருந்தது என்றாலும், கிருபையைப் பற்றிய பேச்சு அப்படி முடிந்ததை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சண்டை நடந்த வருஷங்களில் பிரபுவின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் மார்ட்டின் கெம்னிட்ஸ். லுத்தரன்களுக்குள் இருந்த சண்டைகளைத் தீர்க்க 1577இல் ஒருமைப்பாட்டு அறிக்கையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அதன் மூன்றாம் பிரிவு சொல்லும் பதில்: தேவனும் மனுஷனுமான முழுக் கிறிஸ்து நமக்காகக் கீழ்ப்படிந்தாரே, அந்தக் கீழ்ப்படிதலே நம் நீதி. அவர் நமக்குள் தங்குவது உண்மை, ஆனால் அது நீதிமானாக்கப்பட்டதைப் பின்தொடர்ந்து வருவது.

நான் இந்தப் பக்கம்தான். ஏன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. அண்ணன் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். நாற்பது வருஷம் பாடகர் குழுவில் நின்ற மனுஷன். ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே தேடிப் பார்க்கிறேன்டா, ஒண்ணுமே இல்லையே" என்றார். அந்த நேரத்தில் அவரிடம், கிறிஸ்து உனக்குள் இருக்கிறார், இன்னும் கொஞ்சம் தேடு என்று எப்படிச் சொல்வேன்? "உள்ளே தேடாதே அண்ணே. அவர் சிலுவையில் செய்து முடித்தது உன் காய்ச்சலைப் பொறுத்ததா?" என்றுதான் கேட்டேன். ரோமர் எட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். மறுநாள் போதகர் ஐயர் வந்து நற்கருணை கொடுத்தார். அப்போது கிறிஸ்து அவருக்குள் வந்தார் என்பதையும் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் முதல் நாள் ராத்திரி அவரைத் தாங்கியது அவருக்கு வெளியே இருந்தது.

அதே காலத்தில் லுத்தரன்களுக்குள் நற்கிரியை பற்றி நடந்த இன்னொரு சண்டையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்றார் மேஜர் என்ற இறையியலாளர். இல்லை, அவை இரட்சிப்புக்குக் கேடு என்று எழுதும் அளவுக்குப் போனார் லுத்தரின் நண்பர் ஆம்ஸ்டோர்ஃப். 1577 அறிக்கை இரண்டு பேச்சையும் தள்ளியது. சரியாகவே செய்தது.

நம் காலத்திலும் இது ஓயவில்லை. 1963இல் ஹெல்சிங்கியில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் மாநாட்டால் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஓர் அறிக்கையை ஏற்றுக்கொள்ள முடியாமல் போனது. அதே ஊரில் பின்னாளில் மன்னெர்மா என்ற பேராசிரியர், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையோடு நடந்த உரையாடலை ஒட்டி, லுத்தரை மறுபடியும் வாசித்தார். விசுவாசத்தில் கிறிஸ்துவே உள்ளே வருகிறார், 1577 அறிக்கை அதைப் பின்னால் தள்ளிவிட்டது என்றார். ஓசியாண்டர் திரும்பி வந்துவிட்டார் என்று சிலர் பயந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓசியாண்டர் தெய்வத் தன்மையைத் தனியே பிரித்துப் பேசினார். மன்னெர்மா முழுக் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகிறார்.

நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்த, நீதிமானாக்கப்படுதல் பற்றிய 1999 கூட்டறிக்கைக்கும் இதோடு சம்பந்தம் உண்டு. அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு முன் ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். அமெரிக்காவின் மிசௌரி சினாட் என்ற லுத்தரன் சபையும் ஏற்கவில்லை. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று லுத்தர் சொன்னதை முழுசாக விட்டுக்கொடுத்தால் என் அண்ணன் போன்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அந்த எதிர்ப்பில் எனக்குக் கேட்டது. என்றாலும் ஒருவரையொருவர் சபித்ததை நிறுத்தியதற்காக நானும் உன்னோடு கர்த்தரைத் துதிக்கிறேன். அது சின்ன காரியமில்லை.

இன்னும் ஒன்று. ரோமர் 3:28இல் 'மட்டும்' என்ற சொல்லை லுத்தர் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்ததற்கு எவ்வளவு ஏச்சு வாங்கினார் தெரியுமா? நம் பழைய தமிழ் வேதத்தில் அதே இடத்தில் 'விசுவாசத்தினாலேயே' என்று ஒரு ஏகாரம் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை தடவை வாசித்தோம், கவனித்தோமா? பேத்தியிடம் காட்டினேன். பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா. அண்ணனுடைய பழைய பாட்டுப் புத்தகத்தை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். முட்டி வலிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறாய் என்று முதலில் எழுது.

உன் அன்பு நண்பன்