அரக்கான் கரையில் நம் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் வெளிநாடுகளில் வாங்கி வைத்திருக்கும் வயல்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு சுத்தமாக இருந்தது. அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

நான் முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதும் காகிதங்களை மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. எங்கள் ஊரில் 'சொல்தா' என்று அழைக்கப்படும், பிரெஞ்சுப் படையின் பழைய சிப்பாய் ஒருவர், உயிருடன் இருக்கிறார் என்ற சான்றுக்காக ஆண்டுதோறும் என்னிடம் வருவார். இந்த முறை படிவத்தோடு நான்காக மடித்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டையும் மேசையில் வைத்தார். டோட்டல் எண்ணெய் நிறுவனத்தின் மீது உகாண்டா விவசாயிகள் பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த செய்தி அது. "என் நாட்டுக் கம்பெனியை என் நாட்டுக் கோர்ட்டில் நிறுத்த முடிகிறது, அம்மா. உன் நாட்டுக் கம்பெனியை எங்கே நிறுத்துவாய்?" என்று கேட்டார். அவர் என்னைச் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வழக்குக்குப் பின்னால் இருப்பது 2017இல் பிரான்ஸ் இயற்றிய சட்டம். வங்கதேசத்தில் 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்ட பிறகு எழுந்த குரல்தான் அதற்கு வித்திட்டது. பிரான்சில் 5,000 பேரையோ உலகம் முழுவதும் 10,000 பேரையோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், தன் துணை நிறுவனங்களாலும் ஒப்பந்தக்காரர்களாலும் மனிதருக்கு என்ன தீங்கு நேரலாம், அதை எப்படித் தடுக்கப் போகிறோம் என்று எழுதி வெளியிட வேண்டும். எழுதியபடி நடக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம்.

டோட்டலும் அதன் கூட்டாளிகளும் உகாண்டாவிலிருந்து தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போடுகிறார்கள். அந்த எண்ணெய் மெழுகுபோல உறையக்கூடியது என்பதால் வழிநெடுகச் சூடாக்கியே கொண்டுபோக வேண்டும். நிலத்தை அளந்து மதிப்புப் போட்ட பிறகு, நீண்ட காலப் பயிர் எதையும் புதிதாக வைக்கக் கூடாது என்றார்கள். இழப்பீடு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது என்பது விவசாயிகளின் குறை. பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம், "அளந்தாயிற்று, இனிப் பலாவோ முந்திரியோ நடாதே, பணம் பிறகு வரும்" என்று சொல்லிவிட்டு நான்கு ஆண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்தச் சட்டம் ஒன்றும் கற்பக விருட்சம் அல்ல. முதல் வழக்கை 2023 பிப்ரவரியில் நடைமுறைக் காரணம் காட்டி நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஜூனில் 26 உகாண்டாக்காரர்கள் இழப்பீடு கேட்டு மறுபடி வந்தார்கள். வருவதற்கு ஒரு வாசல் இருந்தது.

இனி நம் கதை. உள்நாட்டுப் போர் நடந்த சூடானின் எண்ணெய் வயல்களில் 25 சதவீதப் பங்கு வைத்திருந்த கனடாவின் டாலிஸ்மன் நிறுவனம், தேவாலயங்களும் பங்குதாரர்களும் தந்த நெருக்கடியால் வெளியேறியது. எண்ணெய் வயலின் ஹெக்லிக் விமானத்தளத்தை இராணுவம் தாக்குதலுக்குப் பயன்படுத்தியதைக் கனடா அரசு அனுப்பிய குழுவே 2000இல் எழுதியிருந்தது. அந்தப் பங்கை 2003இல் வாங்கியது யார்? நம் ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுக் கிளை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ். இன்னொருவர் பழிக்கு அஞ்சி விட்டுப்போன இடத்தில் நாம் பணம் கொடுத்துப் போய் அமர்ந்தோம். இதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மியான்மரின் அரக்கான் கடலில் உள்ள ஷ்வே எரிவாயு வயலில் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 17 சதவீதமும் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு 8.5 சதவீதமும் பங்கு. அந்த வாயு 2013 முதல் குழாய் வழியே சீனாவுக்குப் போகிறது. அந்தக் குழாயிலும் நமக்குப் பங்கு உண்டு. கூட்டாளிகளில் ஒன்று மியான்மர் அரசின் எண்ணெய் நிறுவனம். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பறித்த பின், அதன் கைக்கு வரும் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு எரிவாயுப் பணம்தான். 2022 ஜனவரியில் டோட்டல் அந்நாட்டை விட்டுப் போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியம் அந்த அரசு நிறுவனத்தின் மீது தடை விதித்தது. நாம் வெளியேறவில்லை. மொசாம்பிக்கின் எரிவாயுத் திட்டம் ஒன்றில் நம் மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சேர்த்து 30 சதவீதம். அங்கே திட்ட வளாகத்தைக் காத்து நின்ற இராணுவத்தினர் 2021இல் கிராமத்தவரை அடைத்து வைத்துக் கொன்றதாகக் கடுமையான குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது. இதையெல்லாம் நம் நாடாளுமன்றத்தில் யார் கேட்டார்கள்?

இங்கே சமூகப் பொறுப்புக்கென்று ஒரு சட்டம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி இலாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும் என்பது உண்மை. பள்ளிக்கு மேசை வருகிறது, தண்ணீர்த் தொட்டியில் கம்பெனிப் பெயர் எழுதப்படுகிறது. அது தானம். செய்த தீங்குக்குப் பதில் சொல்வது வேறு. அந்தத் தானமும் நாட்டெல்லையோடு முடிந்துவிடுகிறது: விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி நீங்கலாக, வெளிநாட்டில் செய்யும் எதுவும் அந்தக் கணக்கில் வராது என்கிறது 2021ஆம் ஆண்டு விதி.

நாம் விலகினால் சீனாக்காரன் வந்துவிடுவான் என்பார்கள். டாலிஸ்மனும் ஏறத்தாழ இதைத்தான் சொல்லிப் பார்த்தது. நான் விலகச் சொல்லவில்லை. 17 சதவீதம் வைத்திருப்பவனுக்குக் கூட்டாளியிடம் கேட்க வாய் இருக்கிறது. அந்த வாயைத் திறந்தோமா என்றுதான் கேட்கிறேன். ஓ.என்.ஜி.சி.யில் பாதிக்கு மேல் இந்திய அரசுடையது. அதாவது என்னுடையது, உங்களுடையது.

ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து ராமேசுவரம் வரை மனிதச் சங்கிலி நடந்தபோது நானும் கடலூர்ச் சாலையில் நின்றேன். ஒரு பக்கம் பாகூர்க்காரர் ஒருவர், மறுபக்கம் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் பிள்ளை. அவள் கை வெயிலில் வியர்த்து வழுக்கிக்கொண்டே இருந்தது, நான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அரக்கான் கரையில் அப்படிக் கைகோத்து நிற்பவர்களைத் துப்பாக்கி அல்லவா வந்து பார்க்கும்?

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். வெளிநாட்டில் நம் பொதுத்துறை நிறுவனம் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நிலம் இழந்தவர் எத்தனை பேர், இழப்பீடு எவ்வளவு, காவலுக்கு நிற்பது யாருடைய படை என்பதை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்லியும், பாதிக்கப்பட்ட அயல்நாட்டவர் இந்திய நீதிமன்றத்தில் முறையிட வழிசெய்யும் சட்டம் கேட்டும் இருவருக்கும் நேற்றுப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். நகலை இத்துடன் இணைத்துள்ளேன். பதில் வந்தால் தங்களுக்கும் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி