ஆன்டெனாவுக்கு எர்த்

டாலஸ்

அன்புள்ள சேகர்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறினால்தான் தெரிகிறது.

கேபிள் டிவியை நிறுத்திவிட்டுக் கூரையில் ஆன்டெனா ஏற்றிவிட்டாயாமே! தூத்துக்குடியில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பிடிக்க வீட்டைவிட உயரமாக ஜிஐ பைப் நட்டோமே, எர்த் பற்றி அன்று யார் யோசித்தார்கள்? ஆனால் நீ இருப்பது ஃபுளோரிடாவின் டாம்பா. இடி மின்னலுக்குப் பேர்போன இடம்.

ஆன்டெனாவுக்குக் கீழேயே தரையில் 8 அடி எர்த் ராடு அடித்து, ஆன்டெனா நிற்கும் பைப்பை அதில் இணைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது பாதி வேலைதான். வீட்டு மெயினுக்கு வேறொரு ராடு இருக்குமே! பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால், அந்தக் கணத்தில் இரண்டு ராடுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சமன்செய்ய மின்சாரம் பிடிக்கும் வழி உன் ஆன்டெனா கேபிள், டிவி, பிளக். அதனால் இரண்டு ராடையும் செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டும். அங்குள்ள விதிப்படி குறைந்தது 6ஆம் கேஜ் (கம்பியின் பருமனைச் சொல்லும் எண்). பைப்பிலிருந்து இறங்கும் கம்பிக்கு 10 போதும் (எண் ஏற ஏறக் கம்பி மெலியும், குழம்பாதே). வளைத்து நெளிக்காமல் நேராக இறக்கு. கேஸ் பைப்பில் எக்காரணம் கொண்டும் கட்டிவிடாதே.

பைப்புக்கு எர்த் கொடுத்தால் கேபிளுக்கும் கொடுத்ததாக ஆகாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்ட் பிளாக் (கேபிளை எர்த்தோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு) ஒன்று போட்டு, கேபிளுக்குள் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வெளிப்பின்னலையும் எர்த்தில் சேர். சில டாலர்தான். நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்று, மழைத்தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

இவ்வளவு செய்தாலும் நேரடியாக விழும் மின்னலை இது தாங்காது. காற்றால் ஆன்டெனாவில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரத்தையும், தள்ளி விழும் மின்னலின் அதிர்ச்சியையும்தான் தரையில் இறக்கும். மேகம் கறுக்கும்போதே டிவி பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடு. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு தொடாதே.

மின்னலைவிட எனக்குப் பயம், தெருக்கம்பத்திலிருந்து உன் வீட்டுக்கு வரும் கரண்ட் கம்பிதான். பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடக்கூடாது. ஏற்றும்போது உரசினாலே பிடித்திருப்பவன் பிழைப்பது கஷ்டம், அலுமினிய ஏணியும் அப்படித்தான். கம்பி பக்கத்தில் போகிறதென்றால் நீ ஏறாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

மீட்டர் இருக்கும் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பு, எங்கே இணைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பாலு