சங்கிலியில் கிடக்கும் மேய்ப்பு நாய்

ஆசிரியருக்கு வணக்கம். ஆசையாக வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைச் சிலர் தெருவில் விட்டுவிடுவது பற்றிய செய்தியைப் படித்து மனம் வலித்தது. 1899-இல் ஜெர்மனியில், ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து உருவாக்கிய இனம் அது. நாள் முழுக்க ஓடப் பிறந்ததை மொட்டைமாடியில் கட்டிப்போட்டால் குரைக்கத்தான் செய்யும். அதைக் குணக்கேடு என்று துரத்துவது அநியாயம்.

நாங்கள் காப்பகத்திலிருந்து தத்தெடுத்த ஷெப்பர்டுக்கு, சங்கிலி உரசிய இடத்தில் கழுத்தில் முடியே இல்லை. முதல் வாரம் கதவோரத்திலேயே படுத்துக் கிடந்தது. அப்புறம் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடக்கக் கூட்டிப்போனோம். இப்போது பேரப்பிள்ளைகள் தெருமுனையைத் தாண்டினால் சுற்றி வந்து மடக்கி, வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறது! தத்துக் கொடுக்கும் முன், கேட்டு வருபவர்களை அந்த நாயோடு இரண்டு மூன்று நாள் நடக்கவிட்டுப் பார்ப்பதைக் காப்பகங்கள் வழக்கமாக்க வேண்டும்.

– வாசகர், மதுரை