கை படாத காடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென் பர்மாவின் மழைக்காட்டுக் கிராமங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைச் சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் பகோடா மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறி நின்று ஒவ்வொரு பக்கமும் இறங்கும் வரை காத்திருந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, கீழே இறங்கி வருவதற்குள் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அந்தப் படம். 'மனிதக் கை படாத காடு' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது ரப்பர் தோட்டம். மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிடித்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் பால் பிடிக்கிற கோப்பை தொங்குகிறது. உங்கள் நிருபர் காரை நிறுத்தாமலேயே படம் எடுத்திருப்பார் போலிருக்கிறது. உண்மையான காடு அதற்கும் கிழக்கே, தாய்லாந்து எல்லையைப் பார்த்து மலை ஏறும் பக்கம் இருக்கிறது. கன்யின் என்கிற நெட்டையான காட்டு மரமும் மூங்கிலும் பிரம்பும் அடர்ந்த இடம். அங்கேயும் கை படாமல் இல்லை, நாங்களே வெட்டியிருக்கிறோம்.

எங்கள் ஊர் மோன் மாநிலத்தில், தன்பியூசயாத்துக்குத் தெற்கே. தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேலே, மற்றவர்கள் மோன்காரர்களும் கரேன்காரர்களும். தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கூலியாக வந்தவர். 1964-இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு உறவில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள், மீதி நாங்கள். நாட்டு நிலைமை எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

கட்டுரையில் 'பச்சை மடியில் நித்திய மழை' என்று ஒரு வரி இருந்தது. நித்தியம் எல்லாம் இல்லை. மே பாதியில் பிடித்தால் அக்டோபர் வரை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சென்னையில் ஒரு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்கிறார்கள். எங்களுக்கு வடக்கே இருக்கும் மோல்மீனில் சுமார் 4,800, அதிலும் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்த்துவிடும். உடுத்திய கைலி காயாது, அரிசிப் பானையில் பூஞ்சை பிடிக்கும், சுவரில் மாட்டிய முருகன் படத்தில் மயிலைக் காணோம் என்று என் மனைவி ஒவ்வொரு ஆவணியிலும் புலம்புவாள். சாப்பாடு சோறு, ஙப்பி என்கிற மீன் விழுது, கருவாடு, புளிச்சகீரைக் குழம்பு. காய்கறி வண்டி வராது.

மழையில் ரப்பர் வேலையும் நின்றுவிடும். ரப்பர் பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக வடியும், அதனால் நள்ளிரவு தாண்டி ஒரு மணி இரண்டு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டையைச் சீவிவிட்டு வருவோம், விடிந்த பிறகு பாலை எடுத்து ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் நசுக்கித் தகடாக்கி, காயப் போடுவோம். மழை பெய்தால் தண்ணீர் பட்டை வழியே கோப்பைக்குள் இறங்கிப் பால் கெட்டுப்போகும். அப்புறம் மாசியில் இலை உதிரும்போதும் கொஞ்ச நாள் சும்மா விட வேண்டும். ஆக வருடத்தில் பாதிதான் வருமானம். மீதிப் பாதிக்குத் தகடு வாங்குகிற வியாபாரியிடமே முன்பணம் வாங்க வேண்டும். அடுத்த வருடம் அவர் சொல்கிற விலைக்கு அவரிடமே போட வேண்டும். இந்தக் கணக்கைக் கட்டுரையில் 'எளிமையான வாழ்க்கை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

'நோய் நொடி அறியாத மக்கள்' என்றும் இருந்தது. மலேரியா என் சின்ன வயதைவிட இப்போது எவ்வளவோ குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஊரிலேயே ஒரு கரேன் பெண் தன்னார்வத் தொண்டராக இருக்கிறாள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்து இருபது நிமிடத்துக்குள் சொல்லிவிடுவாள். மாத்திரையும் அவளிடமே இருக்கும். காய்ச்சல் விட்டதும் இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆட்களோடுதான் அவளுக்குச் சண்டை, அதுவும் ஈரலில் பதுங்கித் திரும்பத் திரும்ப வருகிற வகைக்குப் பதினான்கு நாள் சாப்பிட வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். மருந்து தோய்த்த கொசுவலை வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். நல்ல வலைதான். ஆனால் கொசு கடிக்கிற நேரத்தில் நாங்கள் வலைக்குள் இல்லையே, மரத்தடியில் அல்லவா நிற்கிறோம்!

நான் எழுத வந்தது இதை எல்லாம் இல்லை, ஆற்றைப் பற்றி. 'வெளியுலகம் எட்டாத தொலைவு' என்று எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான் தொலைவு. நடுவில் ஒரு காட்டாறு. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர், வண்டியோடு இறங்கிக் கடந்துவிடலாம். வருடா வருடம் மூங்கிலில் ஒரு பாலமும் கட்டுகிறோம். வைகாசி கடைசியில் மலையில் நாலு நாள் தொடர்ந்து பெய்தால் அது போய்விடும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது, எங்கள் பாலம் ஜூன் மாதம் போகிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலாவது தங்கிப் படிக்க வேண்டும், வசதி இல்லாதவர்கள் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

போன வருடம் ஆடியில் என் தம்பி மகன் மூங்கில் குருத்து வெட்டப் போனான். ரப்பர் இல்லாத மாதத்தில் அதுதான் கைச்செலவுக்கு. புதருக்குள் கையை விட்டபோது பச்சை விரியன் வலது ஆள்காட்டி விரலில் போட்டுவிட்டது. இலைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. பயத்தில் நாங்கள் விரலின் அடியில் சணல் கயிற்றை இறுக்கிக் கட்டினோம், எங்கள் அப்பன் பாட்டன் செய்ததுதான். தூளி கட்டி ஆற்றங்கரைக்குத் தூக்கி வந்தால் இக்கரைக்கும் அக்கரைக்கும் பழுப்பு வெள்ளம். அன்று ராத்திரி முழுவதும் கரையிலேயே தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தோம், மறுநாள் மதியம் தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் மூங்கில் தெப்பத்தில் கடக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கயிற்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பாம்பு ஆளைக் கொல்வது அரிது, விரலைக் கொன்றது கயிறு என்றார். கட்டவே கூடாதாம், கையை ஆட்டாமல் வைத்துச் சீக்கிரம் கொண்டு வந்தால் போதுமாம். பர்மாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து கண்ணாடி விரியனுக்கும் நல்ல பாம்புக்கும்தான். பச்சை விரியனுக்கான மருந்தைப் பாங்காக்கில் செய்கிறார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துதான், ஆனால் மருந்து வருகிற வழி எங்களுக்கு இல்லை. விரலை எடுத்துவிட்டார்கள். ரப்பர் கத்தியைப் பிடிக்கிற விரல். இப்போது இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறான், ஒரு மரம் சீவுகிற நேரத்துக்குள் என் மனைவி மூன்று மரம் சீவிவிடுகிறாள்.

தன்பியூசயாத் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ஜப்பான்காரர்கள் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்டு 1943-இல் முடித்த சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்கு 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன என்று. சரிதான். அது வெள்ளைக்காரப் படைக் கைதிகளின் தோட்டம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றி வந்து இதே மழையில் காலராவில் செத்த நம் ஆட்கள் அந்த வரிசையில் இல்லை என்பதையும் கூட எழுதியிருக்கலாம். இடம் பற்றவில்லையோ என்னவோ.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். எங்கள் மாரியம்மன் கோவிலுக்கு நான்தான் காரியதரிசி. தமிழ்நாட்டிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் உறவுக்காரர்கள் கோபுரத்துக்கென்று பணம் அனுப்பினார்கள், கும்பாபிஷேகமும் ஆயிற்று. மூன்றாவது மழையில் கோபுரத்தின் வர்ணம் உரிந்து, துவாரபாலகர் தோல் வியாதிக்காரர் மாதிரி நிற்கிறார். இப்போது மறுபடி வர்ணம் பூசப் பணம் சேர்க்கிறோம் என்று கடிதம் வருகிறது. அம்மன் எனக்குக் குலதெய்வம், எனக்கும் பக்தி உண்டு, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் ஆடி மாதம் தீ மிதிக்க ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களால் வரவே முடியவில்லையே. இரண்டு கரையிலும் கான்கிரீட் தூண் நிறுத்தி, இரும்புக் கயிறு கட்டி, பலகை போட்டால் ஆள் நடக்கிற தொங்குபாலம் ஆகிவிடும். கரேன்காரர்கள் மரமும் ஆளும் தருகிறோம் என்கிறார்கள், மோன் கிராமத்துப் பிக்கு மணலும் கல்லும் ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார். கயிறும் சிமெண்டும்தான் வாங்க வேண்டும்.

இதைச் சொன்னபோது கோபுரத்துக்குப் பெருந்தொகை கொடுத்த ஒருவர் போனில் என்னிடம் கேட்டார், "கோவில்ல கல்வெட்டு வைப்பீங்க, பாலத்துல எங்க பேர எங்க போடுவீங்க?" அவருக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. உங்கள் பத்திரிகையை அவரும் வாசிப்பார் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கார்த்திகையில் வற்றும், வைகாசிக்குள் வேலையை முடித்தாக வேண்டும். எங்கள் ஊரில் உறவு உள்ளவர்கள் பணம் அனுப்பும்போது 'பாலத்துக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் போதும். தூண்கள் இரண்டு கரைக்கும் சேர்த்து நாலு, ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குப் பெயர் எழுத இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ரப்பர்காரன்,
மோன் மாநிலம், பர்மா