தொழுவத்துலயா குடியிருக்கன்னு கேட்டியே மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி புள்ளைங்கல்லாம் சுகமா? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மொட்டை சொன்னான், சொட்டு மருந்த மட்டும் வேளை தவறாம விடச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்ல.

போட்டோ பாத்துட்டு "அவ்ளோ தூரம் போயி மாட்டுத்தொழுவத்துலயாடா குடியிருக்க"ன்னு கேட்டிருந்த. ஆமாடா, தொழுவமேதான். மேற்கு வேல்ஸ்ல ஒரு ஆட்டுப்பண்ணை, அங்க மாடு கட்டுன கட்டடத்த வீடா மாத்தி எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. வெல்ஷ் மொழியில பெய்டின்னு சொல்வாங்க இங்க. எதுத்தாப்புலயே கதிரடிச்ச பெரிய களஞ்சியம், வெல்ஷ்ல அஸ்கிபோர், அது இன்னும் சும்மாதான் கெடக்கு. எழுதணும்னு உக்காந்ததே அந்தக் களஞ்சியத்துக்காகத்தான்.

நீ பில்டிங் காண்ட்ராக்டர், உனக்குச் சொன்னா புரியும். ரெண்டு அடி கனத்துக்கு முண்டுக்கல்லு செவுரு, மேல ஓடு மாதிரி வட வேல்ஸ் ஸ்லேட்டுக் கல்லு, கூரையத் தாங்க ஓக் மரத்துல ட்ரஸ். செவுத்துல ரெண்டு பக்கமும் நேருக்கு நேரா வண்டி நுழையிற உசரத்துக்கு கதவு, நடுவுல கதிரடிக்கிற தளம். அடிச்சு முடிச்சு ரெண்டு கதவையும் தொறந்துவிட்டா குறுக்க காத்து பிச்சிக்கிட்டுப் போகும், தூத்துனா பதர் ஒதுங்கி மணி கீழ நின்னுரும். செவுத்துல நெட்டுக்கு குறுகலா ஓட்டைங்க இருக்கு, உள்ள வச்ச கதிரு புழுங்காம இருக்குறதுக்கு. பக்கத்துல லாயம், அதுக்கு மேல தானியம் போட்டுவைக்கிற ரூம், ஏற வெளிப்பக்கமா கல்லுப்படி, படிக்கு அடியில நாய்க்கு ஒரு பொந்து! ஒரு இடத்தக்கூட வீணாக்கல பாரு. அப்புறம் டிராக்டர், கதிர் அறுக்குற கம்பைன்னு மிஷினெல்லாம் பெருசாகி இந்தக் கதவுக்குள்ள நுழையாமப் போச்சு, ஊரெல்லாம் ஸ்டீல் ஷெட் வந்துருச்சு, இதுங்க அப்படியே நின்னுருச்சு.

பண்ணைக்காரரோட மக வெளியூர்ல நர்ஸ் வேலை பாக்குது, திரும்பி வந்து அப்பா அம்மாவோட பண்ணையப் பாத்துக்கணும்னு ஆசை, அந்தக் களஞ்சியத்த வீடாக்கிக்கலாம்னு பிளான். ஸ்ட்ரக்சர் வேலைய எங்க ஆபீஸ்ல நான்தான் பாக்குறேன். இதுவரைக்கும் செஞ்சதுல எனக்கு இவ்ளோ புடிச்ச வேலை வேற இல்ல மாப்ள. புதுசா ஜன்னல் குத்தவே வேணாம், அந்தப் பெரிய கதவு ரெண்டுலயும் கண்ணாடி போட்டா வெளிச்சம் பூரா அங்கருந்தே வந்துரும். நடுத்தளத்த கூரை வரைக்கும் தொறந்தே விட்டுட்டு ரெண்டு ஓரத்துல மட்டும் மாடி. அஞ்சு பெட்ரூம் வேணும்னு உள்ள குறுக்கும் நெடுக்கும் செவுரு வச்சு அடைச்சா அது களஞ்சியமே இல்ல, கல்லு ஒட்டுன அபார்ட்மெண்ட்டு.

அடுத்தது சொன்னா நீ சண்டைக்கு வருவ. சிமெண்ட்டு ஆகாதுடா இதுக்கு. அஸ்திவாரம் ஒழுங்கா கெடையாது, ஈரம் தடுக்குற லேயரும் கெடையாது, செவுரு ஈரத்த உறிஞ்சி திரும்ப காத்துல விட்டாத்தான் உயிரோட இருக்கும், சிமெண்ட் பூசுனா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு கல்லையும் அரிச்சு மர முனையையும் இத்துப்போக வச்சுரும். அதனால சுண்ணாம்புக் காரைதான், அதுவும் குளிர் அஞ்சு டிகிரிக்கு கீழ போனா கைய கட்டிக்கிட்டு உக்காந்துரணும். உங்க தாத்தா வீட்டுக்கு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்சு சுண்ணாம்பு அரைச்சாங்கன்னு பெருமையா சொல்லுவியே, அதே புத்திதான்.

அப்புறம் வௌவாலு. சிரிக்காத. லெஸ்ஸர் ஹார்ஸ்ஷூன்னு ஒரு சாதி, பத்து கிராம்கூட வராது, இந்த மாதிரி பழைய கட்டடத்துலதான் குட்டி போடும். மே மாசத்துலருந்து செப்டம்பருக்குள்ள அந்தியில நின்னு எத்தன வெளிய வருதுன்னு எண்ணணும், நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்ங்குற சுற்றுச்சூழல் அமைப்புக்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், அதுக பறந்தே உள்ள வர்ற மாதிரி மேல ஒரு தனி இடம் விடணும். எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல, நமக்கு முன்னாடியே அங்க குடியிருக்குதுங்க.

வருத்தம் வேற எடத்துல. போன வாரம் கட்டட அனுமதி குடுக்குற உள்ளூர் கவுன்சில்லருந்து பதில் வந்துச்சு, வீடாக்குறதுக்கு முன்னாடி அங்க தொழில் நடத்த ஆள் தேடிப் பாத்தீங்களா, ஆதாரம் காட்டுங்கன்னு. இங்கிலாந்துல 2014லருந்து பண்ணைக் கட்டடத்த வீடாக்க கிளாஸ் க்யூன்னு ஒரு சுருக்கு வழி இருக்கு, வேல்ஸ்ல அது கெடையாது, முழு அனுமதி வாங்கணும், கிராமத்துல வேலைவாய்ப்பு வரட்டும்னு தொழிலுக்குத்தான் முதல் இடம். நோக்கம் நல்ல நோக்கம்தான், ஆனா ரோடே ஒத்தயடியா இருக்குற மலையடிவாரத்துல என்ன தொழில் வரும்? டூரிஸ்டுங்களுக்கு விடுற ஹாலிடே வாடகைதான் வரும். அதுக்கு சுலபமா கதவு தொறக்கும், அந்த மண்ணுலயே பொறந்த பொண்ணு குடியிருக்க கேட்டா ஆதாரம் காட்டு. இது எப்படிடா நியாயம்? குடியிருப்பா மாத்துற வேலைக்கு வாட் வரிய 20 சதவீதத்துலருந்து 5 சதவீதமா கொறச்சு குடுக்குறதும் அரசாங்கம்தான்.

உள்ளூர் ஆளுங்க ஊர்லயே தங்குனாத்தான் இவங்க மொழியும் நிக்கும். 2021 சென்சஸ்ல வேல்ஸ்ல வெல்ஷ் பேசுறவங்க 17.8 சதவீதம்தான். வடக்க க்வினெத்ல மட்டும் 64.4. அங்கதான் ரெண்டாவது வீடு வாங்கி வருசத்துல பாதி நாள் பூட்டிப்போடுற பிரச்சனையும் பெருசா இருக்கு. அத அடக்க 2023 ஏப்ரல்லருந்து கவுன்சில்கள் அந்த வீடுகளுக்கு 300 சதவீதம் வரைக்கும் கூடுதல் வரி போடலாம்னு ஆக்கியிருக்காங்க. ஒரு பக்கம் அப்படி வரி, இன்னொரு பக்கம் இந்தப் பொண்ணுக்கு இழுத்தடிப்பு. அந்தப் பொண்ணோட அம்மா தெனம் எங்க வீட்டுக்கு முட்டை கொண்டாந்து குடுத்துட்டு "லெட்டர் வந்துச்சா"ன்னு என்னையே கேக்குது, பதில் சொல்ல முடியல மாப்ள.

கார்டிஃப் பக்கத்துல செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்துக்கு குடும்பத்தோட போயிருந்தோம். 1600 வாக்குல கட்டுன மரக் களஞ்சியத்தப் பிரிச்சு கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க, அருமையான வேலை. ஆனா எல்லாத்தையும் மியூசியத்துல கொண்டுபோய் நிறுத்த முடியுமா? அடுப்பெரிஞ்சா கூரைய எவனாவது ஒழுகாம பாத்துப்பான், இல்லன்னா பத்து ஸ்லேட்டு சரிஞ்சதும் ட்ரஸ் போயிரும்.

ஆதாரம் சேத்து திரும்ப அனுப்பப் போறோம், நானும் கட்டடத்தப் பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருக்கேன். இப்ப உன்கிட்ட ஒரு வேலை. ரெண்டு ட்ரஸ்ல செவுத்துக்குள்ள இருக்குற முனை இத்துப்போச்சு, நல்ல ஓக்குல ஒட்டுப்போட்டு சேத்துரலாம்னு நான் சொல்றேன், ஸ்டீல் பிளேட் வைக்கணும்ங்குறாங்க ஆபீஸ்ல. படம் வரைஞ்சு வாட்ஸப்ல அனுப்புறேன், நம்ம மர ஆசாரி அண்ணன்கிட்ட காட்டி அவரு எப்படி ஒட்டு வெட்டுவாருன்னு கேட்டு எழுது. சீக்கிரம் எழுது, ரிப்போர்ட்ட இந்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்.

அன்புடன்,
உன் மாப்ள