செவலையின் வாயிலிருந்து எலும்பை எடுத்தவர்களுக்கு

செல்லூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நம் நாய் செவலை வாயை மூட முடியாமல், எச்சில் நூலாக வழிய, தலையை உதறிக்கொண்டு ஓடியது. வெறி பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னதும் கம்புகள் வந்துவிட்டன. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். வெறிநோயிலும் தாடை தொங்கும், எச்சில் வழியும்.

இட்லிக்கடை அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். அத்தனை கூச்சலில் நீங்கள் ஒருவர்தான் செவலையை நின்று பார்த்தீர்கள். முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறதே, உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று கம்புகளுக்குக் குறுக்கே போய் நின்றீர்கள். நல்லி எலும்பின் வளையம் அது. மஜ்ஜையை நக்கப்போனபோது கீழ்த்தாடையில் ஏறி, கோரைப்பற்களைத் தாண்டி இறங்கிவிட்டது. திரும்பி வரப் பற்கள் விடவில்லை. தாடையும் வீங்கிவிட்டது.

நான் அவசரப்பட்டு வெறுங்கையால் இழுத்தேன். செவலைக்கு வலித்தது, என் விரலில் பல் கீறியது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கறிக்கடை பாய், ஞாயிறு காலை வியாபாரத்தை விட்டுவிட்டுச் சாக்கோடு ஓடி வந்தீர்கள். செவலையைச் சுற்றிக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஆட்டோ அண்ணன் வண்டி நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுமுறை நாளில் கதவைத் திறந்த கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? மயக்க ஊசி போட்டு, நாக்கில் படாமல் எலும்பை இரண்டு இடத்தில் வெட்டி எடுத்தார். அது முடிந்ததும் என் விரலைப் பார்த்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்னார். வெறிநாய் இல்லை என்று தோன்றினாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அரசு மருத்துவமனையில் அன்றே முதல் ஊசி போட்டு, 3, 7, 28ஆம் நாள்களைச் சீட்டில் எழுதித் தந்த செவிலியர் அம்மாவுக்கும் நன்றி.

கம்பை முதலில் கீழே போட்ட தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போட்டார்கள்.

பாய் இப்போது நல்லி வளையங்களை வெளியே எறிவதில்லை, தனி வாளியில் போட்டு மூடி வைக்கிறார். செவலைக்கு இன்னும் சில நாள் கடித்துத் தின்னக் கூடாதாம். அக்கா கடையில் பாலில் ஊறவைத்த இட்லி, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு.

நன்றியுடன்,
மாடிவீட்டுப் பெண்